தூசி மாப்ளைக்கு ஒரு வார்த்தை

வாரும் மாப்ளே, உக்காரும். என்ன அது கையில டப்பா? எதிர்ப்புச் சக்தியை ஏத்துற பவுடரா? நல்லது. எருமைக்குப் பருத்திக்கொட்டை வாங்கணும்னா நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுற ஆளு நீரு. டிவியில ஒரு நடிகன் பல்லைக் காட்டினதும் கேட்ட விலையைக் கொடுத்துட்டு வந்திருக்கீரு. கம்பவுண்டர் உத்தியோகத்துலயே தலை நரைச்ச கிழவன் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீரும். அதுல எதை ஏத்தப் போறீரு?

இந்த உடம்புல எதிர்ப்புங்கிறது ஒரே இடத்துல இருக்கிற ஒரே சரக்கு இல்ல வே. கண்ணீர்லயும் மூக்குச்சளியிலயும் லைசோசைம்னு ஒண்ணு இருக்கு. சில பாக்டீரியாவோட சுவரையே அரிச்சுப்புடும். பெனிசிலினைக் கண்டுபிடிச்ச பிளெமிங், அதுக்கு முன்னாடியே, 1922ல, இதைக் கண்டு சொன்னாரு. வயித்துல அமிலம் கிடக்கு. நீரு திருவிழாவுல தின்ன ஈ மொய்ச்ச மிட்டாயை அதுதான் சமாளிச்சுது, நீரு இல்ல.

அதையும் தாண்டி உள்ள வந்தா வெள்ளணுக்காரங்க. போன மாசம் காலுல முள்ளு குத்திச் சீழ் வச்சு, ஊரையே கூட்டினீரே. அந்தச் சீழ்ல கிடந்ததெல்லாம் பெரும்பாலும் கிருமியை முழுங்கிட்டுச் செத்த வெள்ளணுதான். ருஷ்யாக்காரர் மெச்னிகோவ், 1882ல இத்தாலியில மெசினா ஊர்ல, கண்ணாடியா இருந்த நட்சத்திரமீன் குஞ்சு உடம்புல முள்ளைக் குத்தி வச்சாரு. விடிஞ்சு பாத்தா முள்ளைச் சுத்தி அணுக்கள் மொய்ச்சுக் கிடந்துச்சு. அதுல தொடங்கின ஆராய்ச்சிக்கு 1908ல நோபல் பரிசு, எர்லிக்குங்கிறவரோட பங்கு போட்டு. உமக்கும்தான் முள்ளு குத்துச்சு. என்னத்தைக் கண்டுபிடிச்சீரு?

இன்னும் கேளும். நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. வெள்ளணுவுலயே ஒரு வகையான டி அணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அங்க பரீட்சை ரொம்பக் கண்டிப்பு. ஆளை அடையாளம் தெரியாதவனும் பெயிலு, சொந்த உடம்பையே அடிக்கக் கை ஓங்குறவனும் பெயிலு. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அங்கேயே செத்துப்போகும். நீரு எட்டாங்கிளாஸை எழுதி எழுதிப் பாத்த மாதிரி மறுதேர்வெல்லாம் கிடையாது.

ஏன் இம்புட்டுக் கண்டிப்புங்கீரா? தப்பிச்சு வெளிய வந்தவன் பண்ணுற அட்டூழியம் அப்படி. சின்னப் பிள்ளையோட கணையத்துல இன்சுலின் சுரக்கிற அணுக்களை அடிச்சு ஒழிப்பான். அது முதல் வகைச் சர்க்கரை. உங்க அத்தைக்குக் காலையில விரல் மடங்காம விறைச்சுக்கிடுதே, அந்த முடக்குவாதமும் அவன் கைவரிசைதான். அம்புட்டு ஏன், சோளத்தட்டைத் தூசி பட்டதும் களத்துமேடு அதிர நீரு தும்முறீரே! அது எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதாலயா? ஒரு பாவமும் அறியாத தூசியைப் பகையாளின்னு நினைச்சு அது ஆடுற ஆட்டம் வே. அதை இன்னும் ஏத்தி விடணுமாக்கும் உமக்கு!

ஏத்தத் தக்கது ஒண்ணு உண்டு. ஞாபகம். ஒரு தடவை பாத்த கிருமியை வருசக்கணக்கா நெனப்பு வச்சிருக்கிற அணுக்கள் இருக்கு. மணல்வாரிங்கிற தட்டம்மை வந்தா, அந்த நெனப்பையே அழிச்சுட்டுப் போயிடும். நெதர்லாந்துல ஊசி போடாத பிள்ளைகளோட ரத்தத்தை, அம்மைக்கு முன்னயும் பின்னயும் சோதிச்சு 2019ல எழுதினாங்க. மத்த நோய்க்கெல்லாம் சேத்து வச்சிருந்த எதிர்ப்பொருள்ல 11ல இருந்து 73 சதவீதம் வரைக்கும் காணோம். தடுப்பூசியோ, நோயைக் கொடுக்காம நெனப்பை மட்டும் கொடுக்கும்.

பாலும் முட்டையும் தின்னும், ராத்திரி போனைத் தூக்கி வச்சிட்டுத் தூங்கும், பீடியை விடும். சாதாரணச் சளிக்கெல்லாம் கடையில போயி ஆன்டிபயாட்டிக் ரெண்டு கேக்காதீரும். வைரஸ்கிட்ட அது செல்லாது. அதுக்காகக் காய்ச்சல் நாள்கணக்கா அடிச்சாலும் மூச்சு வாங்கினாலும் என் பேச்சைக் கேட்டுக்கிட்டுத் திண்ணையில கிடக்காதீரும், டாக்டர்கிட்ட ஓடும்.

உம்ம பயலுக்கு ஒன்றரை வயசு ஆச்சுல்ல? மணல்வாரிக்கு ரெண்டாவது ஊசி பாக்கி கிடக்குன்னு உம்ம வீட்டுக்காரி சொன்னா. 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள போடணும். புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போம். அங்க காசு வாங்க மாட்டாங்க.