பு.முட்லூர் வரும்போது 45 மார்க்

ஜே.இ.இ. மெயின் எழுதியவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இந்த வாரம் என் மேஜையை நிரப்பிவிட்டார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம்.

ஒரு மாணவர், சிதம்பரம்: கடலூரில் பஸ் ஏறும்போது கணக்கில் 80 வரும் என்றிருந்தேன். ஆலப்பாக்கத்தில் நண்பனோடு விடை பார்த்ததில் 65 ஆனது. பு.முட்லூரில் 45. இது என்ன கொடுமை?

கணக்கு சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. சரியென்று நினைத்த விடை தப்பானால் வரவேண்டிய 4 போகும், அபராதமாக இன்னொரு 1 போகும். ஆக, ஒரு விடைக்கு 5. ஆலப்பாக்கத்துக்குள் மூன்று விடை அவுட், பு.முட்லூருக்குள் இன்னும் நாலு. நல்லவேளை, சிதம்பரத்தில் இறங்கிவிட்டீர்கள். அதே பஸ்ஸில் சீர்காழி வரை போயிருந்தால் தேசியத் தேர்வு முகமைக்கு நீங்கள் மார்க் பாக்கி வைத்திருப்பீர்கள். அது இருக்கட்டும், ஏழு விடையும் தப்பு என்று தீர்ப்பு எழுதியது யார்? பக்கத்து சீட் நண்பன்தானே? அவனுக்கு பு.முட்லூரில் எவ்வளவு என்று கேட்டீர்களா?

ஒரு மாணவி, நெல்லிக்குப்பம்: 15-வது கேள்விக்கு நான் மூன்றாவது ஆப்ஷன் போட்டேன். தோழி ஒன்றாவது போட்டாளாம். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

முதலில் சாப்பிடுங்கள். கம்ப்யூட்டர் தேர்வில் கேள்விகளின் வரிசையும் ஆப்ஷன்களின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடைய 15 அவளுக்கு 4-ஆக இருந்திருக்கலாம். நீங்கள் அணிகளுக்கு அழ, அவள் நிகழ்தகவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரஃப் தாளையும் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள் என்பதால் வெளியே நடப்பதெல்லாம் ஞாபகசக்திப் போட்டிதான். நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்ற பதிவு, விடைக்குறிப்போடு இணையத்தில் வரும். அதுவரை பசியோடு இருக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவர், மஞ்சக்குப்பம்: நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே விடை. ஆனால் தற்காலிக விடைக்குறிப்பில் வேறு விடை. ஆட்சேபிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கேட்கிறார்கள், திரும்பவும் வராது. கட்டலாமா?

ஆறு பேர் ஒத்துப்போவது பெரிய விஷயமில்லை. மூன்று லட்சம் பேர் எழுதிய தேர்வில் நடந்ததைக் கேளுங்கள். 1982 மே மாதம், அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு. ஒரு சின்ன வட்டம், அதன் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரியதன் விளிம்பை ஒட்டியே உருண்டு, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கிறது. சின்ன வட்டம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? கொடுத்த ஆப்ஷன்கள்: ஒன்றரை, 3, 6, நாலரை, 9.

சுற்றளவு மூன்று மடங்கு, ஆகவே 3. நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். கேள்வி தயாரித்த நிபுணர்களும் அதையே சரியான விடை என்று குறித்து வைத்திருந்தார்கள். சரியான விடை 4! அது ஆப்ஷனிலேயே கிடையாது. எழுதியவர்களில் மூன்றே மூன்று மாணவர்கள் கடிதம் போட்டு அதை நிரூபித்தார்கள். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு எல்லோருக்கும் மறுபடி மார்க் போட வேண்டியதாயிற்று.

நம்பிக்கை வரவில்லையென்றால் இரண்டு ஒரே அளவு நாணயங்களை எடுங்கள். ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். பாதி தூரம் போனதுமே தலை மறுபடி நேராக நிமிர்ந்திருக்கும். முழுச் சுற்றுக்கு இரண்டு சுழற்சி, ஒன்றல்ல. விளிம்பில் உருள்வதற்கு ஒன்று, வட்டத்தைச் சுற்றி வருவதற்கு இன்னொன்று.

ஆகவே தம்பி, கையில் நிரூபணம் இருந்தால் ஆளுக்கு 34 ரூபாய் போட்டுக் கட்டுங்கள். ஆறு ஓட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் கட்டாதீர்கள்.

ஒரு தகப்பனார், தேவனாம்பட்டினம்: "தெரியாததுக்கெல்லாம் குத்துமதிப்பா போட்டுட்டேன்" என்கிறான் மகன். கடலில் வலை வீசுகிற மாதிரி இதிலும் ஏதாவது மாட்டுமா?

மாட்டும், சின்ன மீன். நாலு ஆப்ஷன் உள்ள 16 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், சராசரியாக 4 சரியாகும், அதற்கு 16 மார்க். மற்ற 12-க்கு அபராதம் 12. மிச்சம் 4. ஒரே ஒரு கேள்வி உருப்படியாகத் தெரிந்திருந்தால் அதே 4 வந்திருக்கும். ஆப்ஷன் இல்லாமல் எண்ணை நிரப்பும் கேள்விகளுக்கும் அபராதம் உண்டு. அங்கே குத்துமதிப்பு போட்டிருந்தால் வலையே போயிருக்கும்.

ஒரு தாயார், அண்ணாமலைநகர்: பக்கத்து வீட்டுப் பையனைவிட என் மகளுக்கு மார்க் குறைவு, பர்சன்டைல் அதிகம். இது என்ன சிதம்பர ரகசியம்?

திரை விலக்கியே வைத்திருக்கிறார்கள், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் மகள் எழுதிய ஷிஃப்ட்டில் எத்தனை சதவீதம் பேர் அவளுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தார்கள் என்பதுதான் பர்சன்டைல். அவள் வினாத்தாள் கடினம், அவனுடையது லேசு என்றால் 160 மார்க் 175-ஐ மிஞ்சும். பக்கத்து வீட்டில் இதை இப்போதே போய் விளக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்: கும்பகோணத்துக்கு ராமானுஜன். எங்கள் ஊருக்கு யார்?

இதைக் கேட்க இத்தனை நாளா ஐயா! எஸ்.எஸ்.பிள்ளை. 1929-லிருந்து 1941 வரை உங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கன எண்கள் என்றால் ஒன்பது போதும். அடுக்கு ஏற ஏற எத்தனை வேண்டும்? 1770-ல் வேரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிவிட்ட கேள்வி இது. 1936-ல் இதன் பெரும்பகுதிக்கு அண்ணாமலைநகரில் பிள்ளை விடை கண்டார். அதே சமயம் சிகாகோவில் டிக்சன் என்ற பெரும்புள்ளியும் கண்டார். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது, ஆனாலும் விடை ஒத்துப்போனது. விடை ஒப்பிடுவது என்றால் அப்படி இருக்க வேண்டும்! ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-ல் நிறுவியதும் பிள்ளைதான். 1950 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குக் கிளம்பியவர், கெய்ரோ அருகே விமான விபத்தில் போய்விட்டார். அண்ணாமலைநகரில் தடுக்கி விழுந்தால் கோச்சிங் விளம்பரத்தில்தான் விழ வேண்டும். அதில் ஒன்றிலாவது அவர் படம் இருக்கக் கூடாதா?

ஒரு மாணவி, பரங்கிப்பேட்டை: "எல்லாம் போச்சு" என்று அழுத தோழிக்கு 98 பர்சன்டைல். இனி அவளை நம்பலாமா?

கண்ணீர் நிஜம்தான். அவள் "எல்லாம்" என்றது, நீங்கள் படித்துக்கூடப் பார்க்காத இரண்டு கேள்விகளை.

ஒரு பெற்றோர், நெய்வேலி: ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவு ரகளையா?

2024 நீட் தேர்வைப் பாருங்கள். கணக்கு அல்ல, ஓர் இயற்பியல் கேள்வி. பழைய பாடப்புத்தகத்தில் ஒரு மாதிரி, புதியதில் ஒரு மாதிரி இருந்ததால் இரண்டு விடைக்கு மார்க் கொடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று நிபுணர்களைக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்றது. முழு மார்க் வாங்கியிருந்த 67 பேரில் 44 பேர் அந்தக் கேள்வியால் ஏறியவர்கள். வேறு காரணத்தால் இன்னும் சிலரும் இறங்க, கடைசியில் முதலிடத்தில் மிஞ்சியது 17 பேர்.

ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர்: 2006 சட்டத்தோடு தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு ஒழிந்ததே, பிறகும் ஏன் இந்தப் பாடு?

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆசை ஒழியவில்லையே. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு என்றால் பிளஸ் டூ மார்க் போதும். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக கட்-ஆஃப் 200. அங்கேயும் கணக்குக்குத்தான் பாதிப் பங்கு. ஒன் மார்க் கேள்விக்கு வாசலில் நடக்கும் சண்டை அப்படியே இருக்கிறது.

ஒரு டீக்கடைக்காரர், கடலூர் முதுநகர்: தேர்வு முடிந்த பிறகும் நாலு பசங்க ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை. விரட்டட்டுமா?

விரட்டாதீர்கள் அண்ணாச்சி. இரண்டு வருஷ கோச்சிங்கில் அவர்கள் கேட்டதெல்லாம் "எந்த ஆப்ஷன்?" மட்டுமே. "எப்படிடா வந்துச்சு?" என்று முதல்முறையாக உங்கள் பெஞ்சில்தான் கேட்கிறார்கள். இரண்டாவது டீ என் கணக்கு.

ஒரு மாணவர், குறிஞ்சிப்பாடி: தேர்வு மைய வாசலில் விடை ஒப்பிடாமல் நிற்பவர் யாராவது உண்டா?

உண்டு. அடுத்த ஷிஃப்ட் எழுதக் காத்திருப்பவர். அவர் "ஈசியா, கஷ்டமா?" என்று மட்டும் கேட்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் அவருக்கு வயிறு கலங்கும்.