வாளியில் குமிழி வராமை: ஒரு வகைப்பாட்டு ஆய்வு

துருப்பிடித்த இரும்புத் தோசைக்கல்லை மின்னாற்பகுப்பால் மீட்கும்போது வாளியில் குமிழி கிளம்பாமல் போவதே இங்கு ஆய்வுப்பொருள். பிளாஸ்டிக் வாளி, சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பலிகொடுக்க ஓர் இரும்புத் தகடு ஆகியவை இதற்கான கருவிகள். கறுப்புக் கிளிப் கல்லையும் சிவப்புக் கிளிப் தகட்டையும் பற்ற வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் கல்லில் ஹைட்ரஜன் குமிழியிடும், துரு தளரும். குமிழி இல்லையேல் பழி சார்ஜர்மேல் விழும்.

பழுதறிவதில் இரு மரபுகள் உண்டு. தட்டல் மரபினர் சார்ஜரின் தலையில் உள்ளங்கையால் தட்டுவர். உள்ளே விட்டுப்போன பற்றவைப்பு அதனால் தற்காலிகமாகச் சேர்வதுண்டு. கழற்றல் மரபினர் பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மாட்டுவர். சார்ஜருக்குப் பதில் வைத்த கணினி மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) மிகைச்சுமையால் அணைந்திருந்தால் அப்படி உயிர்பெறுவதுண்டு. மல்டிமீட்டரைத் தேடி எடுக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதில் இரு மரபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மல்டிமீட்டர் கிடைத்துவிட்டால் குமிழியின்மை மூவகைப்படும்.

முதல் வகை: கிளிப்புகள் எதையும் தொடாதபோதே அளவு பூஜ்யம். ஃபியூஸ் போயிருக்கலாம். இக்காலத் தானியங்கி சார்ஜராயின் அதுவும் வேண்டாம். மறுமுனையில் பேட்டரியின் மின்னழுத்தத்தை உணராமல் அது மின்சாரம் தராது. வாளியைப் பேட்டரி என்று அதை நம்பவைக்க முடியாது. இவ்வளவு அறிவில்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரே இப்பணிக்கு உகந்தது. எஸ்எம்பிஎஸ் என்றால் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால்தான் விழிக்கும். 12 வோல்ட் மஞ்சளில் வரும்.

இரண்டாம் வகை: வாளியில் இணைத்த பின்னும் 12 வோல்ட் குறையாமல் நிற்கிறது, குமிழி மட்டும் இல்லை. சார்ஜர் நிரபராதி. கிளிப் துருவின்மேல் உட்கார்ந்திருக்கிறது. துருவோ மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. துருவை நீக்கும் வேலையைத் தொடங்க ஓரிடத்தில் துருவைச் சுரண்டியாக வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை முரண். சோடா போதாமையும் காரணமாகலாம். பத்து லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சரியாக இருக்கும்.

மூன்றாம் வகை: வாளியில் இணைத்ததும் மின்னழுத்தம் சரிகிறது. தகடு கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது மிக நெருங்கியிருக்கும். விலக்கி வைத்தால் போதும்.

குமிழி வந்தும் கெடுவது தனி வகை. கிளிப்புகள் இடம்மாறினால் அரிபடுவது கல். பாயும் மின்னூட்டத்துக்கேற்பவே வேதிமாற்றம் நிகழும் என 1830களில் ஃபாரடே நிறுவிய விதி, தகடு எது, தாய்வீட்டுச் சீதனம் எது என்று பார்ப்பதில்லை.

சோடாவுக்குப் பதில் கறியுப்பு போட்டால் குளோரின் எழும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் தட்டை மாட்டினால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் தீப்பற்றும், ஆகவே வாளி திறந்தவெளியில் இருக்க வேண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகே கிளிப்பைத் தொட வேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் குமிழி வராவிட்டால் மட்டுமே சார்ஜரின் டையோடுகளைச் சோதிக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டும் கடத்த வேண்டும். அதுவும் பலிக்காதோர்க்கு உப்புத்தாள் முறை உண்டு. அதற்கு மின்வழங்கி தேவையில்லை.