மறுப்பில் முளைக்கும் எழுத்து: டில்லியை முன்வைத்து ஓர் ஆய்வு

தினமும் எழுதியே தீர்வது என்று தை பிறக்கும் முன்பே டைரி வாங்குகிறவர்கள் உண்டு. மாசிக்குள் அதில் பால் கணக்கு ஏறிவிடும். சோம்பல்தான் காரணம் என்பது மரபான கொள்கை. இவ்வாய்வு அதை ஏற்கவில்லை. டைரிக்குள் குறுக்கே பேச ஆளில்லை என்பதே காரணம். விஷயம் கைவசம் இருப்பதால் யாரும் எழுத உட்காருவதில்லை. இன்னொருத்தர் தப்பாகச் சொல்லிவிட்டாரே என்று கை அரிப்பதால்தான் உட்காருகிறார். இதுவே கருதுகோள். கள ஆய்வுக்கு டில்லியைத் தேர்ந்ததற்கு விளக்கம் தேவையில்லை. "அப்படியில்லை" என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இவ்வளவு அடர்த்தியாக வாழும் ஊர் வேறு எது?

முதல் சான்று பழைய டில்லி பல்லிமாரானில் கிடைக்கிறது. 1857 கலகத்தின்போது கவிஞர் மிர்ஸா காலிப் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். கையிலிருந்த சொற்பப் புத்தகங்களில் ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தான் ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'புர்ஹானே காத்தே' என்ற பாரசீக அகராதி. வெளியே ஊர் பற்றி எரிகிறது. காலிப் அகராதியில் பிழை பார்க்கிறார். அந்தக் குறிப்புகள் பெருத்து 1862இல் நூலாயின. அகராதிக்காரர் மறைந்து தலைமுறைகள் பல ஆயிற்று, பதிலுக்கு வரமாட்டார் என்று பார்த்தால், அவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு மறுப்பு நூல்கள் வந்தன. காலிப் அவற்றையும் மறுத்தார். ஒரு நூலில் வசவு எல்லை மீறியது என்று 1867இல் மானநஷ்ட வழக்கே போட்டு, பிறகு விட்டுக்கொடுத்தார். எழுபதைத் தொட்ட வயது. காது கேட்கவில்லை, உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. மறுப்பு மட்டும் நிற்கவில்லை.

ஆனால் கருதுகோளின் அசைக்க முடியாத ஆதாரம் ரெய்சினா குன்றில் இருக்கிறது. மத்தியத் தலைமைச் செயலகத்து ஃபைலைத் திறந்தால் இடப்பக்கம் பச்சை நிற நோட் ஷீட், வலப்பக்கம் வந்த கடிதங்கள். அந்தப் பச்சைத் தாளில்தான் உதவியாளர் தொடங்கி, செக்‌ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி என்று ஒவ்வொருவராக ஏறிக் கருத்துச் சொல்கிறார்கள். பத்திகளுக்கு வரிசை எண் உண்டு. ஐந்தாம் பத்தியில் சொன்னதைப் பதினோராம் பத்தியில் பிடித்துவிடலாம். இதை ஆளும் அலுவலக நடைமுறைக் கையேடு ஒரு விதி வைத்திருக்கிறது: முந்தைய குறிப்போடு உடன்படுகிற அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும். ஒத்துக்கொண்டால் ஒரு கையெழுத்து, ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் உரைநடை! எழுத்துப் பழக்கத்தின் பிறப்பிடத்தை இவ்வளவு துல்லியமாக எந்த இலக்கண ஆசிரியரும் காட்டியதில்லை. மறுக்கும்போது கண்ணியமான, நிதானமான மொழி வேண்டும், தனிப்பட்ட தாக்குதல் கூடாது, ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது என்றும் அதே கையேடு அறிவுறுத்துகிறது. பல சிறுபத்திரிகைகளுக்கு இது கிட்டாத ஒழுங்கு. பச்சை, சிவப்பு மையோ ஜாயின்ட் செக்ரட்டரி அந்தஸ்திலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அதுவும் அபூர்வமாக. வாசகர் இல்லையே என்ற குறைகூட, 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஃபைல் குறிப்பும் தகவல்தான் என்று தகவல் ஆணையம் சொன்னதும் நீங்கிற்று.

இனி தமிழ்ச் சான்று. 1959 ஜனவரியில் சென்னையில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர்கள் கட்டுரைகளோடு மல்லுக்கட்ட அதில் இடம் ஒதுக்கியிருந்தார். டில்லியில் மத்திய அரசு வேலையிலிருந்த வெங்கட் சாமிநாதன் அதற்குக் கடிதம் எழுதும் வாசகராகத்தான் உள்ளே வந்தார். விரைவிலேயே 'பாலையும் வாழையும்' கட்டுரை வந்தது; தமிழ்க் கலாசாரச் சூழலையே பாலை என்றது. வாசகர் கடிதம் போட வந்தவர் 2015இல் மறையும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயாமல் எழுதினார். பகலில் ஆபீஸ் ஃபைல், மாலையில் இலக்கியச் சண்டை என்ற இந்த அட்டவணையைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாய்வுக்கு மனமில்லை.

எதிர்வாதம் ஒன்று வரும். 1965இல் கஸ்தூரி ரங்கன் டில்லியில் தொடங்கிய 'கணையாழி'யில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் சுஜாதா கடைசிப் பக்கம் எழுதினாரே, அவர் யாரை மறுத்தார்? மாதம் பிறந்தால் வெறுமையாக நிற்கும் பக்கமும், அதற்குக் காத்திருக்கும் ஆசிரியரும் எதிராளிகள் என்ற பட்டியலில் அடங்குவர் என்று விடைகூறி மேலே செல்லலாம். (ஆய்வேடுகளில் இப்படிச் செல்வது வழக்கம்.)

இரண்டாம் கட்ட ஆய்வுக்கு ஒரு பொருள் மிச்சமிருக்கிறது. ஃபைல் இப்போது இ-ஆபீஸ் திரைக்குப் போய்விட்டது. வரைவுக் குறிப்பு மஞ்சளாகக் கிடந்து, உறுதியானதும் பச்சையாகிறது. தாள் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லாததால் மறுப்புகள் நீண்டுவிட்டனவா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டால் அதுவும் ஒரு ஃபைலாகும்; அனுமதி தேவையில்லை என்று அதன் முதல் பத்தியில் உதவியாளர் எழுதுவார், இரண்டாம் பத்தியில் செக்‌ஷன் ஆபீசர் அதை மறுப்பார்.