முந்திக்கொண்ட துடிப்பு

கே: கும்பளங்கியில் சீன வலை இழுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது; அடுத்தது 'தொம்'மென்று குதிக்கிறது. ஏன்?

ப: விட்டுப்போகவில்லை ஐயா, முந்திக்கொண்டது! இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு அனுப்புகிறது. தலைவர் குரல் கொடுக்குமுன் உங்கள் வலைக்கயிற்றை ஒருவர் இழுத்துவிட்டால் எப்படி? அதுபோல வேறெங்கோ இருக்கும் செல்கள் அவசரப்பட்டால் அது எக்டோபிக் துடிப்பு. கீழறை நிரம்புமுன்னே வருவதால் பல நேரம் நாடியில் தெரியாது. பிறகு சற்று இடைவெளி. அதற்குள் ரத்தம் கூடுதலாக நிறைந்துவிடும், அதனால்தான் அந்த 'தொம்'. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் வலை இழுக்கும்போது மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, சீசன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கே: 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் எனக்குப் படபடத்ததே, அதுவும் கோளாறா?

ப: ஃபகத் ஃபாசில் அப்படிச் சிரிக்கும்போது படபடக்காவிட்டால்தான் கோளாறு. அங்கே வேகமெடுத்தது சைனஸ் கணுவேதான். உத்தரவு முறைப்படி வந்தது.

கே: காயலோரம் ஒதளம் மரம் நிற்கிறது. பிள்ளைகள் காயை உருட்டி விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

ப: காயை உடனே அவர்களிடமிருந்து பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். விதையில் இருக்கும் செர்பெரின், இதயச் செல்களுக்குள் பொட்டாசியத்தை ஏற்றிச் சோடியத்தை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். இதயத்தின் மின்சாரமே இந்த உப்புகளின் போக்குவரத்துதான். அது கெட்டால் மேலறையின் உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேராமல் நிற்கும். கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும், கைவைத்தியம் வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

கே: அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம். அவருக்குப் படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதற்கு?

ப: மேலறைகள் நிமிடத்துக்கு 350க்கு மேல் வரும் மின்னலைகளில் சிக்கி, சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. கேரளத்தில் 3,400க்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் அம்மா தனி ஆளில்லை. மாத்திரை படபடப்புக்கு அல்ல, மூளையைக் காக்க. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கே: ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள். வீடு திரும்பியதும் மறுபடி படபடப்பு!

ப: ஈ.சி.ஜி. பார்த்தது சுமார் 10 நொடி. அன்றைய மிச்சம் 86,390 நொடிக்கு நாள் முழுக்க ஈ.சி.ஜி. பதியும் ஹோல்ட்டர் கருவியை மாட்டலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.