ஏழு பேர்ச்சஸ் ஜமீன்

றொசல்லப் பக்கத் தோட்டமொன்றில், சிறு காணியில் பெரிய வருமானம் பார்ப்பது எப்படி என்று கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர் விளக்கினார். காளான், தேனீ, கறவை மாடு, சுற்றுலாக் குடில். கேட்கக் கேட்க லயமே லட்சாதிபதியானது.

நமக்கென்று அரசு முன்பு அறிவித்த காணி 7 பேர்ச்சஸ், ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்; ஜமீன்தாராக இன்னும் 153தான் பாக்கி. இந்திய உதவி வீட்டுக்கு 550 சதுர அடி. கக்கூஸ் குழி, படிக்கட்டு, மண் சரியாமல் கட்டும் கல்லணை எல்லாம் போக மிஞ்சுவது நாலு பாத்தி லீக்ஸ். மாட்டைக் கட்டினால் நாம் வெளியே நிற்க வேண்டும். அதற்கு அறுக்கும் புல்லோ தோட்டத்துப் புல். போஞ்சி போட்டால் காட்டுப்பன்றிதான் முதல் பங்காளி.

“முதலுக்கு பேங்கில் லோன் எடுங்கள்” என்றார் ஐயா.

“பேங்குல காணி உறுதி கேக்குறாங்களே தொரை, அது எப்ப வரும்?” என்றாள் கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மாயி.

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.

போகட்டும். அடுத்த முறை வருபவர் உறுதியோடு வரட்டும். லீக்ஸ் நடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.