மாமாவும் தீயோவும்

கேள்வி: விடுதி நடத்துகிறேன். ஸ்பெயின் விருந்தினர்களுக்காக அவர்களுடைய உறவுச் சொற்களைக் கற்க ஆசை. கஷ்டமா? (வாசகர், ஹேவ்லாக்)

பதில்: தமிழருக்கு அரை நாள் வேலை. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் எல்லோரும் 'தீயோ' என்ற ஒரே சொல்லில் அடக்கம். அத்தை, சித்தி, பெரியம்மாவுக்கு 'தீயா'. சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்கும் பாகப் பிரிவினையில் மல்லுக்கு நிற்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பெயர். இதை வைத்துக்கொண்டு அங்கே எப்படித்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்களோ!

கேள்வி: அண்ணன், தம்பி? (வாசகி, ரங்கத்)

பதில்: இருவரும் 'எர்மானோ'தான். அக்கா, தங்கை 'எர்மானா'. எழுதும்போது முன்னால் ஒரு 'எச்' வரும். அதை உச்சரித்தால் நீங்கள் வெளியூர். யார் மூத்தவர் என்று சொல்லியே ஆக வேண்டுமானால் பின்னால் 'மயோர்' சேர்க்கலாம், இளையவருக்கு 'மெனோர்'.

கேள்வி: ஆங்கிலத்தில் சம்பந்திக்குச் சொல் இல்லை. ஸ்பானிஷில்? (வாசகர், அபர்தீன் பஜார்)

பதில்: உண்டு, 'கோன்சுவேக்ரோ'. சம்பந்தியம்மாள் 'கோன்சுவேக்ரா'. மைத்துனன் 'குஞாதோ', சகலை 'கொன்குஞாதோ'. நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைக்கும் 'ஞ' அங்கே தினமும் டியூட்டி பார்க்கிறது.

கேள்வி: மனைவிக்கு? (வாசகர், ஹட்பே)

பதில்: 'எஸ்போசா'. பன்மையில் 'எஸ்போசாஸ்'. அதற்குக் கைவிலங்கு என்றும் பொருள். ஒருமையோடு நிறுத்திக்கொள்வது எல்லாவகையிலும் நல்லது.

கேள்வி: மாமன் மகளும் சித்தப்பா மகளுமா அங்கே ஒன்று? (வாசகர், டிக்லிபூர்)

பதில்: இருவரும் 'பிரீமா'. நமக்கோ ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. மாற்றிச் சொன்னால் ஊர் சும்மா விடாது. இந்தியாவைத் தேடிப் போன கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கி, அங்கிருந்தவர்களை இந்தியர் என்றார். உலகமே சிரித்தது. ஆனால் 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் தன் நூலில் அமெரிக்கப் பழங்குடியான செனெகா மக்களின் உறவுமுறையைத் தமிழர் முறையோடு ஒப்பிட்டார். அப்பாவின் சகோதரரை அப்பா வரிசையிலும், அம்மாவின் சகோதரரைத் தனியாகவும் வைப்பதில் இரண்டும் ஒத்துப்போயின. கொலம்பஸுக்கு வழிதான் தப்பியது.

கேள்வி: அந்தமானில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் எதற்கு? (வாசகி, கச்சல்)

பதில்: நியாயம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே அதிகம் பேசப்படுவது வங்காளம். அடுத்து இந்தி, பிறகு தமிழ். பக்கத்து வீட்டு வங்காளிக்கு அப்பாவின் அண்ணன் 'ஜேட்டா', தம்பி 'காக்கா'. இந்திக்காரருக்கு 'தாவு', 'சாச்சா'. அம்மாவின் சகோதரர் மட்டும் மூன்று வீட்டிலும் மாமாதான். ஆக, கணக்கு நம்முடையதுதான்; பெயரை மட்டும் கற்றால் போதும். முதலில் அதை முடியுங்கள்.

கேள்வி: இந்த மண்ணின் பழங்குடி மொழிகளில்? (வாசகர், மாயாபந்தர்)

பதில்: பெரிய அந்தமானிய மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி சொல்வது இது: அங்கே உடலுறுப்புப் பெயரைப் போல உறவுப் பெயரும் தனியே நிற்காது. யாருடையது என்று காட்டும் முன்னொட்டு சேர வேண்டும். கேட்பாரற்ற தாத்தா அந்த இலக்கணத்தில் கிடையாது. அவர் யாருக்காவது தாத்தாவாக இருந்தே தீர வேண்டும். அக்குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010இல் காலமானார். அகராதி இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கேள்வி: மாமியாரை ஸ்பானிஷில் எப்படிக் கூப்பிடுவது? (வாசகி, ஜங்லிகாட்)

பதில்: 'சுவேக்ரா' என்பது அவரைப் பற்றிப் பிறரிடம் பேச. நேரில் பலரும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். வீட்டில் முயன்று பார்க்கும் முன், சென்னைக் கப்பல் என்றைக்கு என்று விசாரித்து வையுங்கள். தினமும் கிடையாது.