ஸ்டான்போர்டுக்கு ஒரு மனு

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஸ்டான்போர்டு எம்.பி.ஏ. சீட்டுக்கு நீ எழுதின கட்டுரையத் தமிழ்ல சொல்லச் சொல்லக் கேட்டேன். பிரமாதம். முதல் பத்தியில சுந்தர் பிச்சை வாரார். ரெண்டாம் பத்தியில இந்திரா நூயி வாராங்க. மூணாவதுல அப்துல் கலாம் கனவு காணச் சொல்லுதார். உன்னைத்தான் எங்கயும் காணோம். பிச்சை 2002லயே வார்ட்டன்ல எம்.பி.ஏ. வாங்கிட்டார். அந்தம்மா 1980லயே யேல்ல படிச்சு முடிச்சாச்சு. அவங்களுக்கு மறுபடியும் சீட்டு வாங்கிக் குடுக்கவா நீ ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்த?

தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில மனு எழுதியே உங்க பாட்டிக்குச் சோறு போட்டவன்லே நான். 'சமூகம் ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு'ன்னு தொடங்குற வரியில எந்தத் தாசில்தார் கண்ணும் நிக்காது. 'என் வயலுக்குப் போற பாதையில முள்ளு வெட்டிப் போட்டு மறிச்சிட்டான்'ங்கிற இடத்துல நிக்கும். நீ 'உலகத்தரம்', 'ஒப்பற்ற பாரம்பரியம்'னு அரைப்பக்கம் பொற்பாதம் எழுதியிருக்க. ஸ்டான்போர்டு வணிகப் பள்ளி 1925ல தொடங்கினது. அது நல்ல பள்ளிக்கூடம்னு அவனுக்கு நீ சொல்லியா தெரியணும்?

அவன் கேக்குறதைப் பாரு. வருசக்கணக்கா முதல் கேள்வி மாறவேயில்ல: உனக்கு எல்லாத்தையும் விட முக்கியமானது எது, ஏன்? நீ 'சமூக மாற்றம்'னு ஒண்ணைத் தூக்கி வச்சுட்டு, ஏன்னு கேட்ட இடத்துல ரெண்டு வரி எழுதிட்டு நைசா நழுவிட்ட. எதுன்னு கேட்டா எதை வேணாலும் சொல்லலாம்லே, அம்மா வைக்குற மீன்குழம்புன்னு கூடச் சொல்லு. ஏன்ங்கிறதுலதான் ஆளு மாட்டுவான். இந்தக் கேள்விக்கு 650 வார்த்தை, எங்க பள்ளி உனக்கு எதுக்குன்னு கேக்குறதுக்கு 350ன்னு அவனே அளந்து குடுத்திருக்கான்லா. நீ அப்படியே தலைகீழாச் செலவழிச்சிருக்க.

காலேசு லீவுல வந்து உங்கப்பன் தீப்பெட்டி ஆபீஸ் கூலி நோட்டை உக்காந்து கூட்டினியே, அது என்னாச்சு? பெட்டி ஒட்டிக் குடுக்குற பொம்பளைங்களுக்குக் குரோசுக்கு இவ்வளவுன்னு கணக்கு. சில்லறை இல்லேன்னு சொல்லி வாராவாரம் அஞ்சையும் பத்தையும் விட்டுட்டே வந்திருக்கான் உங்கப்பன். யாருக்கு எவ்வளவு பாக்கின்னு நீ பேரு பேரா எழுதி, குடுத்தே ஆகணும்னு மல்லுக்கு நின்ன. அவன் ஒரு மாசம் உன் முகத்துல முழிக்கல. உங்கம்மா அடுப்படியில அழுதா. கடைசியில பாதிப் பாக்கியத்தான் குடுத்தான். மீதிக்கு நீயும் வாயை மூடிட்டு பெங்களூர் பஸ் ஏறிட்ட. அதை ஏம்லே எழுதல?

'அது சின்ன விசயம் தாத்தா'ங்க. 'பங்குதாரர்களிடையே ஒருமித்த கருத்தை உருவாக்கினேன்'னு எழுதியிருக்கியே, அது பெரிய விசயமாக்கும்! யாருலே அந்தப் பங்குதாரரு? அவருக்குப் பேரு இருக்கா? வெத்தலை போடுவாரா?

நீ வாயை மூடினதையும் சேர்த்தே எழுது. அதை மறைச்சிட்டா கடைசி ரீல்ல கதாநாயகன் ஜெயிச்ச கதையாப் போயிரும், அதைத்தான் எல்லாப் பயலும் அனுப்புதான். பாதிக் காசுக்கு ஏன் ஒத்துக்கிட்ட, இன்னைக்கு அந்த நோட்டு உன் கையில இருந்தா என்ன செய்வேன்னு யோசிச்சு எழுது. 650 வார்த்தை பத்தாது உனக்கு.

ஹார்வர்டுக்கும் இதையே ஒட்டி அனுப்பிரலாம்னு பாக்காத. முன்னால 900 வார்த்தையில ஒரே கட்டுரை கேட்டுக்கிட்டிருந்தான். 2024லேருந்து மூணா உடைச்சிட்டான். தொழிலைப் பத்தி 300, தலைமையைப் பத்தி 250, எதையாவது துருவித் துருவிப் பாத்த கதை 250. அங்க ஒரு வகுப்புல ஏறக்குறைய 90 பேரு. ஒரு கம்பெனியோட சிக்கலைப் படிச்சிட்டு வரச் சொல்லி, வாத்தியார் திடுதிப்புனு ஒருத்தனைக் கூப்பிட்டுக் கேப்பாரு. புள்ளைங்க பேச்சுலதான் பாடமே நடக்குது. அப்போ உன் பங்குக்கு அங்க என்ன பேசுவேன்னு பாக்காம சீட்டு குடுப்பானா? பெங்களூர் சாப்ட்வேர்ப் பையன் மனு அவன் மேசையில மலையாக் கிடக்கும். தீப்பெட்டி ஆபீஸ் கூலி நோட்டைக் கூட்டினவன் மனு எத்தனை கிடக்கும்? அங்க டீன் ஸ்ரீகாந்த் தாதர், அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல படிச்சவரு, நம்ம நாட்டு ஆளுன்னு மனக்கோட்டை கட்டாத. மனுவைப் பிரிக்கிற மேசை வேற.

சிபாரிசுக் கடுதாசி வேற போகுதுல்லா? 'தனி ஆளா நின்னு முடிச்சேன்'னு நீ எழுத, 'குழுவோட ஒத்துழைச்சான்'னு உன் மேனேசர் எழுத, ரெண்டையும் ஒருத்தனே படிப்பான். பாத்துக்கோ.

காசு வாங்கிட்டு எழுதிக் குடுக்க ஆளு இருக்காமே, கம்ப்யூட்டரே எழுதுதாமே. வேண்டாம்லே. வேற ஆளு எழுதினா விண்ணப்பத்தைத் தள்ளிருவோம், சீட்டு குடுத்திருந்தாலும் புடுங்கிருவோம்னு ஸ்டான்போர்டுக்காரன் பச்சையா எழுதியே வச்சிருக்கான். மனுவுக்குக் கூலி வாங்கித் தின்ன நானே சொல்லுதேன், என்கிட்டயும் வந்து கேக்காத.

எழுதிட்டு வந்து சத்தமா வாசிச்சுக் காட்டு, இங்கிலீசுலயே வாசி. ஒரு எழுத்து புரியாட்டியும், எந்த இடத்துல நீ வேகமா ஓட்டுதேன்னு எனக்குப் புரிஞ்சிரும். அந்த இடத்தைத் திருப்பி எழுதச் சொல்லுவேன்.